ஹென்றி ஸ்டோக்கரும் ஏஇ-2 நீர்மூழ்கியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யார் இந்த ஸ்டோக்கர்?

முழுப் பெயர் ஹென்றி ஹியூ கோர்டன் டேக்கர் ஸ்டோக்கர். 1885 பிப்ரவரி 2 அன்று அயர்லாந்தின் டப்ளின் நகரில் ஒரு மருத்துவர் வீட்டில் பிறந்தவர். பதினைந்து வயதில் பிரிட்டிஷ் கடற்படையில் பயிற்சி மாணவனாகச் சேர்ந்தார். முதல் உலகப் போரில் ஏஇ-2 என்ற ஆஸ்திரேலிய நீர்மூழ்கிக் கப்பலை டார்டனெல்ஸ் ஜலசந்திக்குள் செலுத்தி, மறுபக்கம் மர்மரா கடலில் போய் எழுந்தார். நேச நாடுகளின் நீர்மூழ்கிகளில் அங்கே போய்ச் சேர்ந்த முதல் கப்பல் அதுதான். அப்போது அவருக்கு வயது 30. அதற்குப் பிறகு மூன்றரை வருடம் துருக்கியில் போர்க்கைதி. அப்புறம் லண்டன் நாடக மேடையில் நடிகர். இரண்டாம் உலகப் போர் வந்ததும் மறுபடியும் சீருடை.

டார்டனெல்ஸை ஒட்டிய துருக்கித் தீபகற்பமான கல்லிப்போலி என்றாலே, 1915-ல் அங்கே கரையிறங்கிய நேச நாட்டுச் சிப்பாய்கள்தான் நினைவுக்கு வருவார்கள். அவர்கள் கரையிறங்கிய அதே விடியற்காலையில் 32 பேர் கடலுக்கடியில் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பதும் தெரிய வேண்டிய கதை.

அந்தக் காலத்தில் நீர்மூழ்கிப் பிரிவில் யார் விரும்பிச் சேருவார்கள்?

இளம் அதிகாரிகள் நிறையப் பேர் சேர்ந்தார்கள். கூடுதல் சம்பளம் கிடைத்தது. இருபது சொச்சம் வயதிலேயே சொந்தமாக ஒரு கப்பலுக்குத் தளபதியாகலாம். பெரிய போர்க்கப்பலில் அந்த வயதில் இருப்பவர், மேலதிகாரி சொன்னதைச் செய்யும் பத்துப் பேரில் ஒருவராகத்தான் இருப்பார்.

ஆனால் ஆபத்து அதிகம். பிரிட்டிஷ் கடற்படையின் முதல் நீர்மூழ்கி 1901-ல்தான் வெள்ளோட்டம் கண்டது. அடுத்து வந்த ஏ வகைக் கப்பல்கள் பெட்ரோலில் ஓடின. மூடிய இரும்புக் குழாய்க்குள் பெட்ரோல் ஆவி சேர்ந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. 1905-ல் ஏ-5 கப்பலில் அப்படித்தான் வெடித்து ஆட்கள் செத்தார்கள். அதற்கு முந்தைய வருடம் ஏ-1 கப்பல்மீது ஒரு பயணிகள் கப்பல் மோதி, உள்ளே இருந்த எல்லோரும் போய்விட்டார்கள். காற்று கெட்டுவிட்டதா என்று தெரிந்துகொள்ள உள்ளே கூண்டில் வெள்ளெலிகளை வைத்திருந்த காலம் அது. ஸ்டோக்கர் தொழில் கற்றது இந்த மாதிரிக் கப்பல்களில்தான். முதலில் ஏ-10, பிறகு ஜிப்ரால்டரில் பி-8.

ஐரிஷ்காரர் எப்படி ஆஸ்திரேலியக் கப்பலுக்குத் தளபதியானார்?

ஆஸ்திரேலியக் கடற்படை அப்போதுதான் முளைவிட்டிருந்தது. இங்கிலாந்தின் பாரோ நகரில் விக்கர்ஸ் கட்டுமானத் தளத்தில் இரண்டு இ வகை நீர்மூழ்கிகளுக்கு ஆர்டர் கொடுத்தார்கள். அவைதான் ஏஇ-1, ஏஇ-2. ஓட்டத் தெரிந்த அதிகாரிகள் ஆஸ்திரேலியாவில் இல்லை. அதனால் பிரிட்டிஷ் கடற்படையிலிருந்து இரவல் வாங்கினார்கள். மாலுமிகளில் ஏறக்குறைய பாதிப் பேர் பிரிட்டிஷ்காரர்கள், மீதி ஆஸ்திரேலியர்கள்.

ஸ்டோக்கர் ஆஸ்திரேலியா போக விருப்பம் தெரிவித்து விண்ணப்பித்ததற்கு ஒரு காரணம் போலோ விளையாட்டின்மீது அவருக்கு இருந்த மோகம். அங்கே நன்றாகக் குதிரை ஏறி விளையாடலாம் என்று நினைத்தார். வாழ்நாள் முழுக்க விளையாட்டுப் பிரியர் அவர்.

ஏஇ-2 எவ்வளவு பெரிய கப்பல்?

55 மீட்டர் நீளம். நீருக்கு மேல் இருக்கும்போது 660 டன், மூழ்கினால் 800 டன். மேலே டீசல் எஞ்சின், அடியில் பாட்டரி. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, இரண்டு பக்கமும் ஒவ்வொன்று என நாலு டார்பிடோக் குழாய்கள். மேல்தளத்தில் பீரங்கி கிடையாது. இந்தக் கடைசி விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

இங்கிலாந்திலிருந்து சிட்னி வரை தானாகவே ஓடியா போனது?

பெரும்பகுதி அப்படித்தான். சில இடங்களில் கூட வந்த கப்பல்கள் கயிறு கட்டி இழுத்தன. 1914 மார்ச் 2 அன்று போர்ட்ஸ்மவுத்திலிருந்து ஏஇ-1, ஏஇ-2 இரண்டும் புறப்பட்டன. ஜிப்ரால்டர், மால்டா, சூயஸ், ஏடன், கொழும்பு, சிங்கப்பூர் என்று தங்கித் தங்கி மே 24 அன்று சிட்னி போய்ச் சேர்ந்தன. மொத்தம் 83 நாள், சுமார் 13,000 கடல் மைல். அதுவரை எந்த நீர்மூழ்கியும் அவ்வளவு தூரம் போனதில்லை. வழியில் ஏஇ-2-வின் ப்ரொப்பல்லர் இறக்கை உடைந்து, அதை மாற்றிக்கொண்டு போக வேண்டியிருந்தது. செங்கடலையும் இந்தியப் பெருங்கடலையும் கோடையில் அந்த இரும்புக் குழாய்க்குள் உட்கார்ந்து கடந்தவர்களின் பாடு லேசானதில்லை.

ஏஇ-1 என்ன ஆனது?

போர் தொடங்கிய ஆறாவது வாரமே காணாமல் போய்விட்டது. நியூ கினியாவுக்குக் கிழக்கே ஜெர்மன் வசமிருந்த ரபௌல் பகுதியைப் பிடிக்க இரண்டு நீர்மூழ்கிகளும் போயிருந்தன. 1914 செப்டம்பர் 14 அன்று ரோந்துக்குப் போன ஏஇ-1 திரும்பவில்லை. தளபதி பெசன்ட் உட்பட 35 பேர். டியூக் ஆஃப் யார்க் தீவுகளுக்குப் பக்கத்தில், 300 மீட்டருக்கும் அதிக ஆழத்தில், 2017 டிசம்பரில்தான் அதைக் கண்டுபிடித்தார்கள்.

பசிபிக்கில் இருந்த கப்பல் துருக்கிக்கு எப்படிப் போனது?

1914 கடைசிக்குள் அந்தப் பக்கக் கடல்களில் ஜெர்மன் போர்க்கப்பல்களின் கதை முடிந்துவிட்டது. செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தில் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போன எம்டனை, நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவுகளுக்குப் பக்கத்தில் ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னி அடித்துப் போட்டது. (சிங்கப்பூரிலிருந்து ஏஇ-2-வுக்குத் துணையாக வந்த அதே சிட்னிதான்.) டிசம்பர் 8 அன்று ஃபாக்லாந்து தீவுகளில் ஜெர்மன் கிழக்காசியப் படைப்பிரிவே அழிந்தது. இனி இங்கே ஏஇ-2-வுக்கு வேலையில்லை, ஐரோப்பாவுக்கு அனுப்புங்கள் என்று ஸ்டோக்கரே கேட்டார். 1914 டிசம்பர் 31 அன்று ஆஸ்திரேலியாவின் ஆல்பனி துறைமுகத்திலிருந்து புறப்பட்ட துருப்புக் கப்பல் வரிசையோடு அதுவும் கிளம்பியது.

டார்டனெல்ஸைக் கடப்பது ஏன் அவ்வளவு கஷ்டம்?

ஏஜியன் கடலையும் மர்மரா கடலையும் இணைக்கும் 60 கிலோமீட்டர் நீளமான ஜலசந்தி அது. சனக் என்ற இடத்தில், அதாவது இன்றைய சனாக்கலேயில், அகலம் 1.2 கிலோமீட்டர்தான். இரண்டு கரையிலும் கோட்டைகள், பீரங்கிகள், தேடுவிளக்குகள். நடுவில் வரிசை வரிசையாகக் கண்ணிவெடிகள். 1915 மார்ச் 18 அன்று பிரிட்டிஷ், பிரெஞ்சுப் போர்க்கப்பல்கள் மோதிப் பார்த்தன. மூன்று பெரிய கப்பல்களை இழந்து பின்வாங்கின.

நீர்மூழ்கிக்கு இதெல்லாம் போதாதென்று இன்னொரு சிக்கல். கருங்கடலிலிருந்து வரும் உப்புக் குறைந்த நீர் மேல்மட்டத்தில் ஏஜியனை நோக்கி வேகமாக ஓடுகிறது. அதற்கடியில் உப்பு மிகுந்த மத்தியதரைக் கடல் நீர் எதிர்த் திசையில் போகிறது. உள்ளே போகிற நீர்மூழ்கி மேல்மட்டத்தில் வந்தால் எதிர்நீச்சல். கீழே போனால் கனமான நீர் கப்பலை மேலே தள்ளும். பாட்டரியோ மெதுவாகப் போனால் ஐம்பது கடல் மைல் போல் தாங்கும். வேகம் கூட்டினால் சட்டென்று தீர்ந்துவிடும்.

முன்பே போனவர்களின் கணக்கைப் பாருங்கள். 1914 டிசம்பர் 13 அன்று நார்மன் ஹோல்புரூக் தன் பழைய பி-11 கப்பலில் கண்ணிவெடிகளுக்கு அடியில் புகுந்து மெசுதியே என்ற துருக்கிப் போர்க்கப்பலை மூழ்கடித்துவிட்டுத் திரும்பினார். ஆனால் அவர் சனக்கைத் தாண்டவில்லை. ஜனவரியில் பிரெஞ்சு நீர்மூழ்கி சஃபீர் உள்ளேயே முடிந்தது. ஏப்ரல் 17 அன்று இ-15 நீரோட்டத்தில் சிக்கிக் கோட்டைக்கு அடியில் தரைதட்டியது. தளபதி தியோடர் பிராடி குண்டடிபட்டு இறந்தார். அது நடந்த மறு வாரமே ஸ்டோக்கர் போகிறார்.

1915 ஏப்ரல் 25 அன்று என்ன நடந்தது?

முதல் நாள் இரவே ஒரு முறை கிளம்பினார். மூழ்குவதையும் எழுவதையும் கட்டுப்படுத்தும் முன்பக்கப் படுக்கைச் சுக்கானின் இணைப்பு உடைந்ததால் திரும்பி வர வேண்டியதாயிற்று. பழுது பார்த்துக்கொண்டு 25-ஆம் தேதி அதிகாலை 2.30 மணிக்கு மறுபடி புறப்பட்டார். அன்றைக்குத்தான் ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் படைகள், அதாவது ஆன்சாக் படைகள், கல்லிப்போலிக் கரையில் இறங்குகின்றன. துருக்கியர் கவனம் கலையவேண்டும் என்பதால், சனக் பக்கம் போய் முடிந்தமட்டும் ரகளை செய்யும்படி கொமொடோர் ரோஜர் கீஸ் சொல்லி அனுப்பியிருந்தார்.

இருட்டில் நீருக்கு மேலேயே போனார்கள். பாட்டரியை மிச்சம் பிடிக்க அதுதான் வழி. தேடுவிளக்குகள் தண்ணீரைத் துழாவிக்கொண்டிருந்தன. 4.30 மணிவாக்கில் கரையிலிருந்து ஒரு பீரங்கி சுட்டது. உடனே மூழ்கினார்கள்.

அப்புறம் கண்ணிவெடி வயல். கடலடியில் நங்கூரமிட்ட கம்பி வடங்களின் நுனியில் குண்டுகள் மிதந்துகொண்டிருக்கும். ஏஇ-2 அந்த வடங்களுக்கு நடுவே ஊர்ந்தது. வடம் ஒன்று மூக்கில் தொட்டு, கப்பலின் பக்கவாட்டு முழுக்க உரசிக்கொண்டே வால்வரை போகும். உள்ளே இருப்பவர்களுக்கு அந்தச் சத்தம் தலைமாட்டில் கேட்கும். ஒன்று போனதும் இன்னொன்று. வடம் எங்காவது மாட்டிக்கொண்டால் மேலே இருக்கிற குண்டு கீழே இழுபட்டு வந்து மோதும். அதனால் மாட்டக்கூடிய இடங்களிலெல்லாம் முன்கூட்டியே காப்புக் கம்பிகள் கட்டியிருந்தார்கள். இந்த நிலையிலும் ஸ்டோக்கர் இரண்டு தடவை கண்ணிவெடிகளுக்கு நடுவிலேயே மேலே வந்து, பெரிஸ்கோப் வழியாக இடம் பார்த்து வழியைச் சரிசெய்துகொண்டார். என் மனத்தில் இந்தப் பயணத்தின் உச்சம் அதுதான். குருட்டாம்போக்கில் போயிருந்தால் இ-15 போலக் கரையில் ஏறியிருப்பார்.

ஆறு மணிக்குச் சனக் வந்தது. அங்கே நின்றிருந்த பெய்க்-இ ஷெவ்கெத் என்ற சிறு போர்க்கப்பலின்மீது டார்பிடோ ஏவினார். பட்டது. அதே நொடியில் ஒரு நாசகாரிக் கப்பல் மோத வருவதைப் பார்த்து, அதற்கடியில் புகுந்து திரும்பியவர் கரையில் தரைதட்டினார். ஆழமானி 10 அடி என்று காட்டியது. அப்படியென்றால் கோபுரம் தண்ணீருக்கு வெளியே நிற்கிறது. பெரிஸ்கோப்பில் பார்த்தால் தலைக்கு நேர் மேலே கோட்டை! பீரங்கிகள் முழங்கின, ஆனால் குண்டுகள் கப்பலைத் தாண்டிப் போய் விழுந்தன. அவ்வளவு கிட்டத்தில் நின்ற இலக்கை நோக்கிக் குழாயைக் கீழே சாய்க்க முடியவில்லை. நாலைந்து நிமிடத்தில் எஞ்சினைப் பின்னோக்கி ஓட்டி விடுபட்டார். பிறகு எதிர்க்கரையில் இன்னொரு தடவை தரைதட்டி, அங்கிருந்தும் வழுக்கி இறங்கினார்.

நகாரா முனையைத் தாண்டியதும் துரத்தல் நிற்கவில்லை. பாட்டரியும் குறைந்துகொண்டே வந்தது. அதனால் கடலடியில் போய்ச் சத்தமில்லாமல் உட்கார்ந்துவிட்டார். மேலே கப்பல்கள் வலைபோட்டுத் தேடின. ஏதோ ஒன்று கப்பலின்மீது இடித்துவிட்டுப் போனது. இரவு 9 மணிக்கு மேலே வந்து மூடியைத் திறந்தபோது, மூழ்கி 16 மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது.

பெய்க்-இ ஷெவ்கெத் மூழ்கியதா?

இல்லை. மூழ்காமலிருக்கக் கரையேற்றினார்கள், பிறகு பழுது பார்த்து மறுபடி ஓட்டினார்கள்.

ஆன்சாக் படையை ஸ்டோக்கரின் செய்திதான் காப்பாற்றியது என்கிறார்களே?

ஆஸ்திரேலியாவில் பரவலாகச் சொல்லப்படுவது இது. கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

இரவு மேலே வந்ததும் கம்பியில்லாத் தந்தியில் ‘குறுகிய பகுதியைக் கடந்துவிட்டோம், சனக்கில் ஒரு கப்பலை டார்பிடோவால் அடித்தோம்’ என்று செய்தி அனுப்பினார்கள். பதில் வரவில்லை. செய்தி போய்ச் சேர்ந்ததா என்பதே அவர்களுக்குத் தெரியாது. ஆனால் அது போயிருந்தது. அந்த நள்ளிரவில் குயீன் எலிசபெத் போர்க்கப்பலில் தலைமைத் தளபதி இயன் ஹாமில்டனைத் தூக்கத்திலிருந்து எழுப்பியிருந்தார்கள். கரையிறங்கிய ஆன்சாக் படை பெரும் சேதத்தில் இருக்கிறது, திரும்பக் கப்பலேற்றிவிடலாமா என்று ஜெனரல் பேர்ட்வுட் கேட்டிருந்தார். அந்த ஆலோசனை நடக்கும்போது ஏஇ-2-வின் செய்தியைக் கொண்டுவந்தவர் சார்ல்ஸ் பிராடி. எட்டு நாளுக்கு முன் இ-15-இல் இறந்த தியோடர் பிராடியின் இரட்டைச் சகோதரர்.

ஹாமில்டன் எழுதிய பதில் இன்றும் இருக்கிறது. திரும்பக் கப்பலேற்றக் குறைந்தது இரண்டு நாளாகும், அங்கேயே நிலைகொள்வதைத் தவிர வழியில்லை என்கிறார். அதற்குப் பிறகுதான் ஆஸ்திரேலிய நீர்மூழ்கி ஜலசந்தியைக் கடந்து ஒரு கப்பலை அடித்துவிட்டது என்ற வரி வருகிறது. கடைசியில், இனி நீங்கள் பத்திரமாகும்வரை தோண்டுங்கள், தோண்டுங்கள், தோண்டுங்கள் என்று முடிக்கிறார்.

கடிதத்தின் வரிசையே பதிலைச் சொல்லிவிடுகிறது. இருக்கும் படகுகளை வைத்து ஒரே இரவில் ஆட்களைத் திரும்ப ஏற்ற முடியாது என்பதுதான் முடிவுக்குக் காரணம். ஏஇ-2 செய்தி, சோர்ந்து கிடந்தவர்களுக்குத் தெம்பு கொடுக்கச் சேர்த்த நல்ல சேதி. அது சின்ன விஷயமில்லை. ஆனால் போரின் போக்கையே அது தீர்மானித்தது என்று சொல்லி ஸ்டோக்கரைப் பெரிதாக்க வேண்டியதில்லை. அவர் உண்மையில் செய்ததே பெரிது: நீர்மூழ்கி உள்ளே போக முடியும் என்று காட்டினார். இரண்டே நாளில், ஏப்ரல் 27 அன்று, எட்வர்ட் பாய்லின் இ-14 உள்ளே போனது. மே மாதம் மார்ட்டின் நாஸ்மித்தின் இ-11 போனது. வருடக் கடைசிவரை மர்மரா கடலில் துருக்கியர் நிம்மதியாகக் கப்பலோட்ட முடியவில்லை. படைகளையும் தளவாடங்களையும் கரைவழியாகச் சுற்றி அனுப்ப வேண்டியதாயிற்று.

மர்மரா கடலில் ஏஇ-2 எத்தனை கப்பல்களை மூழ்கடித்தது?

ஒன்றுகூட இல்லை. ஐந்து நாளில் பல தாக்குதல் நடத்தினார். முதல் டார்பிடோவைத் தவிர எதுவும் பலிக்கவில்லை. பீரங்கி இல்லாததால் சிறு படகுகளைக்கூட ஒன்றும் செய்ய முடியவில்லை. அதனால் வேறு வழியில் தொல்லை கொடுத்தார். பகலில் பல இடங்களில் வேண்டுமென்றே தலைகாட்டி, நிறைய நீர்மூழ்கிகள் உலாவுவதுபோல ஒரு பிரமையை உண்டாக்கினார். ஏப்ரல் 29 அன்று இ-14-ஐச் சந்தித்து பாய்லோடு பேசினார். மறுநாள் காலை 10 மணிக்கு மீண்டும் சந்திப்பதாக ஏற்பாடு.

ஏப்ரல் 30 அன்று கப்பல் எப்படிப் போனது?

சந்திப்பு இடத்துக்குப் பக்கத்தில் சுல்தான்ஹிசார் என்ற துருக்கி டார்பிடோப் படகு வருவதைப் பார்த்து மூழ்கினார்கள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. திடீரென்று கப்பலின் மூக்கு மேல்நோக்கி எழுந்தது. சுக்கானைத் திருப்பினாலும் கேட்கவில்லை. சுல்தான்ஹிசாருக்கு நூறு கஜ தூரத்தில் ஏஇ-2 தண்ணீரைப் பிளந்துகொண்டு வெளியே வந்தது. அவசர அவசரமாக முன்பக்கத் தொட்டியில் நீர் நிரப்பிக் கீழே இறக்கினார்கள். இப்போது நிற்காமல் இறங்கியது. ஆழமானியின் முள் 100 அடியைத் தொட்டு நின்றுவிட்டது, ஏனென்றால் அதற்கு மேல் அதில் அளவே இல்லை. கப்பல் மட்டும் போய்க்கொண்டே இருந்தது. தரை சாய்ந்து, கட்டி வைக்காத சாமானெல்லாம் உருண்டன. எஞ்சினை முழுவேகத்தில் பின்னோக்கி ஓட்டி, தொட்டிகளில் காற்றை ஊதச் சொன்னார் ஸ்டோக்கர். முள் மெல்ல அசைந்தது, பிறகு வேகமாகத் திரும்பியது. கப்பல் வால் முன்னாக மேலே வந்து விழுந்தது.

சுல்தான்ஹிசாரின் தளபதி அலி ரிசா காத்திருந்தார். குண்டுகள் எஞ்சின் அறையில் மூன்று ஓட்டை போட்டன. இனி மூழ்கினால் எழ முடியாது.

எல்லோரையும் மேல்தளத்துக்குப் போகச் சொன்னார். அவரும் துணைத் தளபதி ஹாகார்டும் கீழே நின்று, கடல்நீரை உள்ளே விடும் வால்வுகளைத் திறந்தார்கள். மூன்றாவது அதிகாரி கேரி மேலே நின்று, தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டும். மேலே சுட்டுக்கொண்டிருக்கிறார்கள், கீழே இருவரும் கப்பல் மிதக்காது என்று உறுதியாகும்வரை நகரவில்லை. சீக்கிரம், கப்பல் போகிறது என்று கேரி கத்தியபோதுதான் ஸ்டோக்கர் ஏணியில் ஏறினார். கொஞ்ச நேரத்தில் ஏஇ-2 மறைந்தது. 32 பேரில் ஒருவர்கூடச் சாகவில்லை. தண்ணீரில் தத்தளித்தவர்களை அலி ரிசாவின் ஆட்களே தூக்கி ஏற்றி, மரியாதையாக நடத்தினார்கள்.

மூக்கு ஏன் தானாக எழுந்தது?

பெரும்பாலும் நீரின் உப்படர்த்தி மாறியதால் என்று கருதப்படுகிறது. மேலே சொன்னதுபோல அங்கே லேசான நீர் மேலும் கனமான நீர் கீழும் இருக்கின்றன. லேசான நீருக்கு ஏற்றபடி எடையைச் சமன்செய்து வைத்த கப்பலின் முன்பாகம் கனமான நீருக்குள் நுழைந்தால் அந்தப் பக்கம் தூக்கும். இன்றைய நீர்மூழ்கிகளில் இதை அளக்கக் கருவிகள் உண்டு. ஸ்டோக்கரிடம் இருந்தது ஒரு ஆழமானியும் ஆட்களின் கைப்பழக்கமும்தான்.

கப்பலைத் தானே மூழ்கடித்தது அவ்வளவு முக்கியமா?

மிக முக்கியம். ஆறு மாதம் கழித்து, 1915 அக்டோபர் 30 அன்று, பிரெஞ்சு நீர்மூழ்கி டர்க்குவாஸ் தரைதட்டிச் சரணடைந்தது. உள்ளே இருந்த காகிதங்களை அழிக்காமல் விட்டுவிட்டார்கள். அதில் பிரிட்டிஷ் நீர்மூழ்கி இ-20 எங்கே எப்போது சந்திக்க வரும் என்ற விவரம் இருந்தது. அந்த இடத்துக்கு ஜெர்மன் நீர்மூழ்கி ஒன்று போய்க் காத்திருந்து, நவம்பர் 6 அன்று இ-20-ஐ டார்பிடோவால் அடித்தது. ஸ்டோக்கர் கீழே நின்ற அந்தச் சில நிமிடங்களின் மதிப்பு இதிலிருந்து தெரியும். அன்றைக்கு இ-14 அதே பக்கம் வந்துகொண்டிருந்தது.

சிறையில் என்ன ஆனது?

அதிகாரிகளுக்கு ஒரு விதி, மாலுமிகளுக்கு ஒரு விதி. மாலுமிகளை டாரஸ் மலைகளில் பெலமெதிக் என்ற இடத்தில் ரயில் பாதை வேலைக்கு அனுப்பினார்கள். நோயும் அரைப் பட்டினியும். நான்கு பேர் கைதிகளாகவே இறந்தார்கள். கடலடியில் எல்லோரும் பிழைத்து, கரையில் இப்படிப் போனதுதான் இந்தக் கதையில் நெஞ்சை அடைக்கிற பகுதி.

ஸ்டோக்கர் ஆஃபியன் கராஹிசார் முகாமில் இருந்தார். 1916-ல் இன்னும் இரண்டு அதிகாரிகளோடு தப்பி, இரண்டு வாரத்துக்கு மேல் கடற்கரையை நோக்கி மலைகளில் நடந்தார். பிடிபட்டார். தண்டனையாகச் சிறை. பிறகு கைதிகள் பொழுதுபோக்க நாடகம் போட்டபோது அதில் முழுமூச்சாக இறங்கினார். 1918 கடைசியில் போர் நின்ற பிறகே விடுதலை.

விக்டோரியா கிராஸ் ஏன் கிடைக்கவில்லை?

பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருது அது. ஹோல்புரூக், பாய்ல், நாஸ்மித் மூவருக்கும் கிடைத்தது. ஸ்டோக்கருக்கு 1919-ல் டிஎஸ்ஓ என்ற அதற்கு அடுத்த நிலை விருதுதான். மற்றவர்கள் திரும்பி வந்து உடனே அறிக்கை கொடுத்தார்கள், ஊர் கொண்டாடியது. ஸ்டோக்கர் நடந்ததைச் சொல்ல முடிந்தது மூன்றரை வருடம் கழித்து. அதற்குள் எல்லோருக்கும் கல்லிப்போலி மறக்க வேண்டிய தோல்வியாகிவிட்டது. மூழ்கடித்த கப்பல்களின் எண்ணிக்கையும் அவரிடம் இல்லை. என்னைக் கேட்டால் இது அநியாயம்தான். வழி தெரியாத இடத்தில் முதலில் போனவரையும், அவர் போய்க் காட்டிய பிறகு போனவர்களையும் ஒரே தராசில் நிறுத்தியிருந்தாலாவது சரி.

பிறகு நடிகரானாரா, நிஜமாகவா?

ஆமாம். 1920-ல் கடற்படையை விட்டு விலகி லண்டன் மேடையில் இறங்கினார். நாடகம், வானொலி, 1930-களில் திரைப்படங்கள். கடற்படை அதிகாரி வேடம் நிறைய வந்தது. நடிகை ஒருவரை மணந்துகொண்டார். தன் அனுபவங்களைப் புத்தகமாகவும் எழுதினார். இரண்டாம் உலகப் போரில் திரும்ப அழைத்தார்கள், கேப்டன் நிலையில் பணியாற்றினார். போர் முடிந்ததும் மறுபடி மேடை. 1962-ல், 77 வயதில், அயர்லாந்தின் குரோக்கே (புல்தரையில் மட்டையால் பந்தை வளையங்களுக்குள் அடிக்கும் விளையாட்டு) சாம்பியன் பட்டம் வென்றார். 1966 பிப்ரவரி 2 அன்று, தன் 81-வது பிறந்தநாளில் காலமானார்.

ஏஇ-2 இப்போது எங்கே இருக்கிறது?

மூழ்கிய இடத்திலேயே. இஸ்தான்புல்லின் ரஹ்மி கோச் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த செல்சுக் கொலாய் பல வருடம் தேடி 1998-ல் கண்டுபிடித்தார். 73 மீட்டர் ஆழத்தில் நேராக, ஏறக்குறைய முழுசாக உட்கார்ந்திருக்கிறது. 2014-ல் ஆஸ்திரேலியர்களும் துருக்கியரும் சேர்ந்து கோபுர மூடி வழியாகக் கேமராவை உள்ளே இறக்கிப் பார்த்தார்கள். சமிக்ஞைக் கொடிகள் தெரிந்தன. எடுத்துச் செல்லக்கூடிய ஒரு வானொலிக் கம்பமும் இருந்தது. அப்படியொன்று அந்தக் கப்பலில் இருந்ததே அதுவரை யாருக்கும் தெரியாது. மேலே தூக்கினால் நொறுங்கிவிடும் என்பதால் அங்கேயே பாதுகாப்பது என்று முடிவானது. துரு பிடிப்பதைத் தடுக்கும் கருவிகளைப் பொருத்தி, மீன்பிடிப் படகுகளின் வலையும் நங்கூரமும் படாமலிருக்க மேலே அடையாள மிதவை ஒன்றையும் கட்டிவிட்டு வந்தார்கள்.